யாரோடு ஆடினோம், எந்த மண்ணில் ஆடினோம்?

2023 மார்ச் முதல் ஜூலை முதல் வாரம் வரை இந்திய ஆண்கள் கால்பந்து அணி 11 சர்வதேச ஆட்டங்கள் ஆடியது. ஏழில் வெற்றி, நான்கு டிரா, தோல்வி ஒன்றுகூட இல்லை. அடித்த கோல் 16, வாங்கிய கோல் 2. அடுத்த ஆண்டு, 2024 முழுவதற்குமாக, அதே அணி ஆடியதும் 11 ஆட்டங்கள்தான். இந்த முறை வெற்றி ஒன்றுகூட இல்லை. ஐந்து டிரா, ஆறு தோல்வி. அடித்தது 4, வாங்கியது 15. வீரர்களில் பெரும்பாலோர் அவர்களேதான். 2024-இன் முதல் ஏழு ஆட்டங்களுக்குப் பயிற்சியாளரும் அதே இகோர் ஸ்டிமாக்தான். ஓர் அணி சில மாதங்களில் இப்படி ஆட்டத்தையே மறந்துவிடுமா? மறக்கவில்லை. முதல் 11 ஆட்டங்களும் இம்பால், புவனேஸ்வர், பெங்களூரு என்று நம் ஊர்களிலேயே நடந்தவை. எதிரே நின்றவர்கள் மியான்மர், கிர்கிஸ்தான், மங்கோலியா, வனுவாட்டு, லெபனான், பாகிஸ்தான், நேபாளம், குவைத். 2024 தொடங்கியதோ கத்தாரில் நடந்த ஆசியக் கோப்பையில், ஆஸ்திரேலியா, உஸ்பெகிஸ்தான், சிரியா ஆகிய அணிகளோடு. தேசிய அணியின் எந்தப் புள்ளிவிவரத்தையும் எதிராளியின் பெயரும் ஆடிய மண்ணும் சேராமல் படிக்கவே கூடாது என்பது என் வாதம். முறத்தில் இட்டுப் புடைப்பது போல இந்த இரண்டையும் கொண்டு புடைத்தால், நம் பெருமைகளில் சில பறந்துவிடும், சில முன்னைவிடக் கனமாகத் தங்கும். இன்றைய நோய் எது என்பதும் அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும்.

முதலில் தரவரிசையை எடுத்துக்கொள்வோம். அந்த 11 ஆட்டங்களுக்குப் பிறகு 2023 ஜூலையில் ஃபிஃபா பட்டியலில் இந்தியா 99-ஆம் இடத்துக்கு வந்தது. நூறுக்குள் நுழைந்துவிட்டோம் என்று நாளிதழ்கள் கொண்டாடின. "தரவரிசை எதிராளியின் பலத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ளத்தானே செய்கிறது, அதை ஏன் சந்தேகிக்க வேண்டும்?" என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. 2018 ஆகஸ்டிலிருந்து ஃபிஃபா பின்பற்றும் முறை, சதுரங்கத்தில் பல்லாண்டு பழகிய ஈலோ கணக்கைத் தழுவியது. பலமான அணியை வென்றால் அதிகப் புள்ளி, நலிந்த அணியை வென்றால் கொஞ்சம் புள்ளி, நலிந்த அணியிடம் தோற்றால் பெரிய இழப்பு. ஆட்டத்தின் முக்கியத்துவத்துக்கும் எடை உண்டு. நட்பு ஆட்டத்துக்கு 5 அல்லது 10, உலகக் கோப்பைத் தகுதி ஆட்டத்துக்கு 25. ஆக, எதிராளி கணக்கில் வந்துவிடுகிறார். வராதது மண். சொந்த ஊரில் பெற்ற வெற்றிக்கும் அயலூரில் பெற்ற வெற்றிக்கும் ஆண்கள் தரவரிசை ஒரே விலைதான் தருகிறது. எத்தனை கோல் வித்தியாசம் என்பதையும் அது பார்ப்பதில்லை. பெண்கள் அணிகளுக்கான தரவரிசையில் சொந்த ஊர் அணிக்கு 100 புள்ளி பலம் கூடுதலாக வைத்துக் கணக்கிடும் வழக்கத்தை ஃபிஃபாவே கையாண்டிருக்கிறது. தெரிந்தும் ஆண்கள் பட்டியலில் அதைச் சேர்க்கவில்லை. அதனால் நான்கு மாதம் வீட்டை விட்டு வெளியே போகாமல் ஆடும் அணி, உள்ள பலத்தைவிட மேலே தெரிய வாய்ப்பு உண்டு.

உச்சத்துக்குப் பொருந்தும் இந்த எச்சரிக்கை பள்ளத்துக்கும் பொருந்தும். இந்தியா எட்டிய மிக உயர்ந்த இடம் 94. அது கிடைத்தது 1996 பிப்ரவரியில். அதற்கு ஏறத்தாழ ஓராண்டு முன்னதாக, 1995-இல் கொழும்பில் நடந்த தெற்காசியத் தங்கக் கோப்பை இறுதியாட்டத்தில் இதே அணி இலங்கையிடம் 0-1 என்று தோற்றிருந்தது. தெற்காசியாவிலேயே முதலிடம் இல்லாத ஓர் அணி, தன் வரலாற்றின் மிக உயர்ந்த படியில் நின்றது! மறுபக்கம், மிகத் தாழ்ந்த இடமான 173 வந்தது 2015 மார்ச்சில். அதற்கு முந்தைய ஆண்டு முழுவதும் இந்தியத் தேசிய அணி ஆடியவை இரண்டே ஆட்டங்கள். வங்கதேசத்தோடு 2-2 டிரா, பாலஸ்தீனத்திடம் 2-3 தோல்வி. 1996-க்கும் 2015-க்கும் இடையே நம் ஆட்டம் 79 படி சரிந்துவிட்டது என்று எழுதுவது எளிது. உண்மையில் 173 என்ற அந்த எண் சொன்னது, ஓர் ஆண்டில் இரண்டு நாள் மட்டும் தேசிய அணியைக் களத்தில் இறக்கிய நிர்வாகத்தைப் பற்றித்தான்.

தரவரிசையை அப்படித் தள்ளிவிட முடியாது என்பாரும் உண்டு. குழு பிரிக்கும் குலுக்கலில் யார் எந்தப் பானையில் என்று முடிவு செய்வது இந்தப் பட்டியல்தான் என்பார்கள். உண்மை. 2023 ஜூலையில் 2026 உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றுக்கான குலுக்கலில் இந்தியா ஆசியாவின் இரண்டாம் பானையில் இடம்பிடித்தது அந்த 99 தந்த பரிசே. அதன் பலனாகக் கத்தார், குவைத், ஆப்கானிஸ்தான் என்று கடக்கக்கூடிய குழுவே அமைந்தது. முதல் இரண்டு இடங்களுக்குள் வந்தால் மூன்றாம் சுற்று. அதுவரை நாம் தொட்டிராத படி. 2023 நவம்பரில் குவைத் நகரிலேயே குவைத்தை 1-0 என்று வென்று நன்றாகத்தான் தொடங்கினோம். பிறகு, பட்டியலில் நமக்கு வெகு கீழே இருந்த ஆப்கானிஸ்தானோடு ஆடிய இரண்டு ஆட்டங்களில் ஒரு டிரா, குவாஹாட்டியில் ஒரு தோல்வி. கொல்கத்தாவில் குவைத்தோடு 0-0. தோஹாவில் கத்தாரிடம் 1-2. அந்த ஆட்டத்தில் கத்தாரின் முதல் கோலுக்கு முன் பந்து எல்லைக்கோட்டைத் தாண்டியிருந்தது என்ற குமுறல் நியாயமானதே. ஆனாலும் ஆறு ஆட்டங்களில் மொத்தம் மூன்றே கோல் அடித்த அணி, ஒரு தவறான தீர்ப்பால் மட்டும் வெளியேறியது என்று சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை. தரவரிசை வாசல் வரை கொண்டுபோய் விடும். உள்ளே போக அது உதவாது.

இதே முறத்தில் நம் பொற்காலத்தையும் இடத்தான் வேண்டும். இந்தியா 1950 உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது என்று எல்லாப் பட்டியல்களிலும் இருக்கிறது. அந்தத் தகுதிக்காக ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. பர்மா, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் மூன்றும் விலகிக்கொண்டதால் இடம் தானாக வந்தது. வெறுங்காலோடு ஆட ஃபிஃபா அனுமதிக்காததால் போகவில்லை என்ற கதை இன்றும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அன்று ஒலிம்பிக்தான் எங்களுக்கு எல்லாம், உலகக் கோப்பையை யாரும் பெரிதாக எண்ணவில்லை என்ற பொருளில் அந்தக் கால அணித்தலைவர் சைலன் மன்னாவே பின்னாளில் விளக்கியிருக்கிறார். 1951-இல் டெல்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டில் தங்கம் வென்றோம். பங்கேற்ற அணிகள் ஆறு. இந்தோனேசியாவை 3-0, ஆப்கானிஸ்தானை 3-0, இறுதியில் ஈரானை மேவாலாலின் கோலால் 1-0 என்று வென்றோம். மூன்று ஆட்டம், சொந்த மண். 1956 மெல்பர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் என்பது இன்னும் பெரிய பெயர் பெற்றது. ஆனால் தன் நாட்டில் எழுந்த புரட்சியின் கொந்தளிப்பில் ஹங்கேரி விலகியதால் முதல் சுற்று ஆடாமலே கடந்தது. ஆஸ்திரேலியாவை 4-2 என்று வென்றோம். அதில் ஹாட்ரிக் அடித்த நெவில் டிசோசா, ஒலிம்பிக்கில் அந்தச் சாதனை புரிந்த முதல் ஆசியர். அரையிறுதியில் யூகோஸ்லாவியாவிடம் 1-4, வெண்கலத்துக்கான ஆட்டத்தில் பல்கேரியாவிடம் 0-3. ஒரே ஒரு வெற்றியில் கிட்டியது அந்த நான்காம் இடம்.

இதைப் படிக்கும் சிலருக்குக் கோபம் வரலாம். அந்தத் தலைமுறையைச் சிறுமைப்படுத்துவதாக நினைக்கலாம். ஆனால் முறத்தில் இட்டவர் பதர் பறப்பதை மட்டும் பார்த்துவிட்டு எழுந்துவிடக் கூடாது. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் இதே யூகோஸ்லாவியா நம்மை 10-1 என்று நொறுக்கியிருந்தது. நான்கே ஆண்டில், மெல்பர்னில், அதே நாட்டுக்கு எதிராக முதலில் கோல் அடித்து முன்னிலை பெற்றது இந்தியா. அதன் பிறகுதான் நான்கு கோல் வாங்கியது. நான்காம் இடம் என்ற பட்டத்தைவிட இந்தப் பாய்ச்சல்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. எதிராளியைச் சேர்த்துப் படித்ததால்தான் இது கண்ணில் பட்டது.

1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டோ முறத்தில் இட இட எடை கூடிக்கொண்டே போகும். முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 0-2 தோல்வி. அந்தத் தென்கொரியா 1956, 1960 என இரண்டு ஆசியக் கோப்பைகளையும் வென்று வைத்திருந்த அணி. பிறகு தாய்லாந்தை 4-1, ஜப்பானை 2-0, அரையிறுதியில் தென்வியட்நாமை 3-2 என்று வென்று இறுதிக்குப் போனால், அங்கே மீண்டும் தென்கொரியா. மைதானத்தில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர், அவர்கள் அத்தனை பேரும் இந்தியாவுக்கு எதிராக. இஸ்ரேலையும் தைவானையும் இந்தோனேசியா அனுமதிக்காததை இந்தியாவைச் சேர்ந்த ஆசிய விளையாட்டுக் கூட்டமைப்பு நிர்வாகி ஜி.டி.சோந்தி கண்டித்திருந்தார். அந்த ஆத்திரத்தில் நகரமே கொதித்துக்கொண்டிருந்தது. இந்தியத் தூதரகம் தாக்குதலுக்கு உள்ளாகியிருந்தது. பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீமுக்குப் புற்றுநோய். தலையில் தையல் போட்டிருந்த தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்கை அவர் முன்களத்தில் நிறுத்தினார். பி.கே.பானர்ஜி ஒரு கோல், ஜர்னைல் சிங் ஒரு கோல். 2-1 என்று தங்கம். ரஹீம் அடுத்த ஆண்டே இறந்தார். அன்று நாம் வென்ற ஜப்பான் ஆறே ஆண்டில் மெக்சிகோ ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கியது. எதிராளி, மண் இரண்டையும் வைத்துப் பார்த்தால் இந்தியக் கால்பந்தின் ஆகப் பெரிய வெற்றி இதுதான். 1956-க்குத் தருகிற பக்கங்களில் பாதியை இதற்குத் தந்தாலும் தகும்.

1964-இல் ஆசியக் கோப்பையில் இரண்டாம் இடம் வந்தோமே என்று நினைவூட்டுவோர் உண்டு. வந்தோம். அந்தக் கோப்பையில் ஆடிய அணிகள் நான்கு. மற்றவை விலகியதால் தகுதிச் சுற்றை ஆடாமலே தாண்டியிருந்தோம். தென்கொரியாவையும் ஹாங்காங்கையும் வென்றது மெய்யான சாதனை. நான்கில் இரண்டாவது என்பதை ஆசியாவில் இரண்டாவது என்று எழுதிக்கொண்டதுதான் பிழை. இன்று அதே கோப்பையில் 24 அணிகள் ஆடுகின்றன. நாம் கலந்துகொண்ட ஐந்து ஆசியக் கோப்பைகளையும் கூட்டினால் 16 ஆட்டங்கள், 3 வெற்றி, 1 டிரா, 12 தோல்வி. மூன்று வெற்றிகளில் இரண்டு 1964-இலும், ஒன்று 2019-இல் தாய்லாந்துக்கு எதிராகவும் வந்தவை. 16 ஆட்டங்களில் அடித்த கோல் 12.  1984-இல் நான்கு ஆட்டம் ஆடி ஒரு கோலும் இல்லை. கத்தாரில் 2024 ஜனவரியில் மூன்று ஆட்டம் ஆடி அப்போதும் ஒரு கோல் இல்லை.

இந்த இடத்தில் சுனில் சேத்ரியைப் பற்றிப் பேசாமல் முடியாது. 2005-இல் குவெட்டாவில் பாகிஸ்தானுக்கு எதிரான அறிமுக ஆட்டத்திலேயே கோல் அடித்தவர், 2024 ஜூன் 6 அன்று கொல்கத்தாவில் ஓய்வு பெற்றபோது 151 ஆட்டங்களில் 94 கோல் வைத்திருந்தார். அப்போது ஆடிக்கொண்டிருந்தவர்களில் அவருக்கு மேலே ரொனால்டோ, மெஸ்ஸி இருவர்தான். அந்த மூன்று பெயரும் ஒரே வரிசையில் நிற்கும் படம் வராத சமூக ஊடகமே இல்லை. அந்தக் கோல்களில் பெரும்பங்கு தெற்காசிய அண்டை நாடுகளுக்கும், ஆசியாவின் அடுத்த படியில் உள்ள அணிகளுக்கும் எதிராக வந்தவை. அவருடைய நான்கு ஹாட்ரிக்குகள் தஜிகிஸ்தான், வியட்நாம், சீனத் தைபே, பாகிஸ்தான் ஆகியவற்றுக்கு எதிரானவை. அப்படியானால் 94 வெறும் பதரா? ரொனால்டோவும் லக்சம்பர்க்குக்கு எதிராக மட்டும் பத்துக்கு மேல் கோல் அடித்தவர்தானே, அவரை யார் குறை சொன்னார்கள் என்று திருப்பிக் கேட்பது முழுக்க நியாயம். நலிந்த அணிக்கு எதிராகவும் கோல் அடிக்கத்தான் வேண்டும். அடிக்க முடியாமல்தானே 2024-இல் மொரீஷியஸோடு ஹைதராபாத்தில் 0-0 என்று திரும்பினோம்! ஆனால் சேத்ரியின் பெருமைக்கு மெஸ்ஸியின் பக்கத்தில் நிற்கும் படம் தேவையே இல்லை. அவர் ஆடிய காலத்தில் இந்தியா 2011, 2019, 2024 என மூன்று ஆசியக் கோப்பைகளில் ஒன்பது ஆட்டங்கள் ஆடி அடித்த கோல் மொத்தம் 7. அவற்றில் 4 சேத்ரியுடையவை. பஹ்ரைனுக்கு ஒன்று, தென்கொரியாவுக்கு ஒன்று, தாய்லாந்துக்கு இரண்டு. ஆசியாவின் பெரிய மேடையில் பாதிக்கு மேற்பட்ட பாரத்தைத் தனி ஒருவர் சுமந்தார். 94-ஐவிட இந்த நான்கு அவருடைய தரத்தை உரக்கச் சொல்கிறது. அவருக்கு அருகே யாரும் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறது.

கோல் எண்ணிக்கையிலோ வெற்றிக் கணக்கிலோ சேராத பெருமைகளும் உண்டு. 2019 செப்டம்பர் 10 அன்று தோஹாவில், அப்போதைய ஆசியச் சாம்பியன் கத்தாரை, சேத்ரி இல்லாமல், இந்தியா 0-0 என்று நிறுத்தியது. கோல்காப்பாளர் குர்பிரீத் சிங் சந்து தடுத்த தடுப்புகளை எந்தப் பதிவேட்டின் சாதனைப் பத்தியிலும் பார்க்க முடியாது. அங்கே இருப்பது ஒரு டிரா, அவ்வளவுதான். ஒன்பது முறை வென்ற தெற்காசியக் கோப்பைகளில் சிலவற்றைவிட இந்த ஒரு டிரா மேலானது என்று நான் கருதுகிறேன்.

எல்லாவற்றையும் புடைத்த பிறகு முறத்தில் தங்குவது என்ன? 2024-இன் 11 ஆட்டங்களில் ஐந்து நம் மண்ணில்தான் நடந்தன. எதிராளிகள் எல்லோரும் ஆஸ்திரேலியாக்கள் அல்லர். ஆப்கானிஸ்தானும் மொரீஷியஸும் அவர்களில் உண்டு. ஆக, எதிராளியும் மண்ணும் விளக்காத மிச்சம் ஒன்று இருக்கிறது. கோல் அடிக்க ஆளில்லை என்பதே அது. அந்த ஆண்டு முழுவதும் அடித்த நான்கு கோல்களில் ஒன்று சேத்ரியின் பெனால்டி, ஒன்று தடுப்பாட்டக்காரர் ராகுல் பேக்கேயுடையது. இதன் வேர் உள்நாட்டு லீக்கில் இருக்கிறது. இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) 2014-இல் தொடங்கி 2024-25 வரை 11 பருவங்கள் நடந்தன. அதிக கோல் அடித்தவருக்கான தங்கக் காலணி விருதை ஒரு பருவத்தில்கூட இந்தியர் வாங்கியதில்லை. சென்னையின் எஃப்.சி.க்காக ஆடி அதை வாங்கிய எலானோ பிரேசில்காரர், மெண்டோசா கொலம்பியாக்காரர், வால்ஸ்கிஸ் லித்துவேனியாக்காரர். மற்ற ஊர்களிலும் இதே கதைதான். வெளிநாட்டு வீரர்களால் லீக்கின் தரம் உயர்ந்தது, அவர்களோடு பழகி நம் தடுப்பாட்டக்காரர்கள் தேறினார்கள் என்று கிளப்புகள் சொல்வதை மறுக்க மாட்டேன். தோஹாவின் 0-0 அதற்குச் சாட்சி. ஆனால் கிளப் காசு கொடுத்து முதலில் வாங்குவது கோல் அடிப்பவரைத்தான். அந்த நடுமுன்கள இடம் வெளிநாட்டவருக்குப் போனால், இந்திய இளைஞர் விங்குக்கு நகர்கிறார் அல்லது பெஞ்சில் உட்காருகிறார். பெனால்டி பாக்ஸுக்குள் கிடைக்கும் அரை நொடியில் முடிவெடுக்கும் பழக்கம் வாரம் தவறாமல் அங்கே நின்றால்தான் வரும். தேசிய அணி முகாமின் பத்து நாளில் யாரும் அதைக் கற்றுத் தந்துவிட முடியாது.

2025 மார்ச்சில், ஓய்வு பெற்று ஒன்பது மாதமான சேத்ரியை, 40 வயதில், மீண்டும் அணிக்கு அழைத்தார்கள். ஷில்லாங்கில் மாலத்தீவை 3-0 என்று வென்ற ஆட்டத்தில் அவர் ஒரு கோல் அடித்தார். குவைத் நகரத்து வெற்றிக்குப் பிறகு 16 மாதம் கழித்து இந்தியாவுக்குக் கிடைத்த முதல் வெற்றி அது. அடுத்த வாரம் அதே மைதானத்தில், 2027 ஆசியக் கோப்பைக்கான தகுதி ஆட்டத்தில், வங்கதேசத்தோடு 0-0. ஜூனில் ஹாங்காங்கிடம் 0-1. அக்டோபரில் சிங்கப்பூரோடு அவர்கள் ஊரில் 1-1, கோவாவில் 1-2. சவுதி அரேபியாவில் நடக்கவிருக்கும் அந்தக் கோப்பையில் 24 இடங்கள். இந்தியாவுக்கு அதில் இடமில்லை.